காபனீரொட்சைட்டைத் தடிப்பாக்கும் முயற்சி

கல்லூரி ஆய்வுகூடத்திலே கிப்பின் கருவியைச் சூழ்ந்து நின்ற நாள்களை மறந்த பழைய மாணவர் நம்முள் இலர் எனலாம். சலவைக்கல் துண்டுகளின்மீது அமிலம் பட்டதும் குமிழி குமிழியாக வெளிவந்த காபனீரொட்சைட்டைச் சுண்ணாம்பு நீரினூடாகச் செலுத்தி, அந்நீர் பால்போல் வெண்மையாவதைக் கண்டு வியந்தோம். நிறமும் மணமும் அற்றது, வளியினும் பாரமானது, எரியுங் குச்சியை அணைப்பது என்று குறிப்பேட்டில் எழுதி ஆசிரியரின் கையொப்பத்தையும் பெற்றுக்கொண்டோம். அதனோடு, சோடாப் போத்தலைத் திறக்குஞ் சமயங்கள் நீங்கலாக, அவ்வாயுவுக்கும் நமக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. ஆனால் அதே வாயுவைப் பாகுபோலத் தடிக்கச் செய்வது எவ்வாறு என்னும் வினாவுக்கு விடை தேடி இரசாயன அறிஞர் பலர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகின்றனர். வாயுவைத் தடிப்பாக்குவதா, அதனால் யாருக்கு என்ன பயன் என்று அன்பர்கள் வினவுதல் இயல்பே. பயன் பெரிது; தடையும் பெரிது. இரண்டையும் இங்கு விளக்க முயல்வோம்.

நிலத்தின் கீழ் எண்ணெய் ஓர் ஏரிபோலத் தேங்கிக் கிடக்கின்றது என்று எண்ணுவோர் பலர். அவ்வாறன்று. மணற்கல், சுண்ணாம்புக்கல் முதலிய பாறைகளில் உள்ள கண்ணுக்குப் புலனாகாத நுண்டுளைகளுள் அது செறிந்து கிடக்கின்றது. கிணறு தோண்டியதும், பாறையினுள்ளே அடங்கியிருந்த அமுக்கத்தினால் எண்ணெய் முதலில் தானாகவே மேலெழும். அமுக்கம் தணிந்தபின், வேறு கிணறுகளினூடாக நீரைச் செலுத்தி எண்ணெயை உந்துவர். இவ்விரு முறைகளும் முடிந்த பின்னரும், வயலில் இருந்த எண்ணெயிற் பாதிக்கு மேல், சிலவிடங்களில் மூன்றில் இரண்டு பங்கு, பாறையிலேயே எஞ்சிவிடுகின்றது. நீரும் எண்ணெயும் கலவா. ஆதலால், நுண்டுளையின் ஒடுங்கிய வாயிலிலே துளியாகச் சிக்கிய எண்ணெயை நீர் சுற்றிக்கொண்டு போகுமேயன்றித் தள்ளிக்கொண்டு போகாது. எண்ணெய்க்கறை படிந்த சட்டியைத் தனி நீரால் அலம்பிப் பார்த்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கேதான் காபனீரொட்சைட்டு உதவிக்கு வருகின்றது. இவ்வாயுவின் அவதி வெப்பநிலை சதமவளவை 31 பாகை. அவதி அமுக்கம் ஏறத்தாழ 73 வளிமண்டலம். எண்ணெய் வயல்களின் ஆழத்தில் வெப்பமும் அமுக்கமும் பெரும்பாலும் இவ்விரண்டினும் மிகுந்தவை. அந்நிலையில் அது வாயுவும் அன்று, திரவமும் அன்று. இரண்டின் இயல்பையும் ஒருங்கே கொண்ட ஒரு பாய்பொருளாகும். அதன் அடர்த்தி திரவத்தின் அடர்த்தியை நெருங்கும். அமுக்கம் போதியதாயின் அது எண்ணெயோடு கலந்து ஒன்றாகிவிடும். எண்ணெயைப் பொருமச் செய்து இளக்கும். இரண்டிற்கும் இடையே உள்ள பரப்பிழுவிசையை இல்லாதொழிக்கும். சிக்கியிருந்த துளிகள் விடுபட்டு நகரத் தொடங்கும்.

இவ்வுண்மையைப் பெரிய அளவிற் செயலாக்கிய முதல் இடம் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு ரெக்சாசிலுள்ள ஸ்கறி கவுண்டி ஆகும். 1948 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட அவ்வயல், பழங்காலக் கடலில் உருவாகிப் பின் புதையுண்ட சுண்ணாம்புக்கற் பார் ஒன்றிலே அமைந்தது. 1954 இல் அங்கு நீர் செலுத்தத் தொடங்கினர். 1972 ஆம் ஆண்டு சனவரியில், ஏறத்தாழ 220 மைல் நீளமான குழாய்வழியாகக் காபனீரொட்சைட்டைக் கொணர்ந்து செலுத்தத் தொடங்கினர். பின்னர் கொலராடோ, நியூ மெக்சிக்கோ மாநிலங்களில் நிலத்தின் கீழ் இயற்கையாகவே திரண்டிருந்த காபனீரொட்சைட்டும் குழாய்கள் மூலம் ரெக்சாசுக்கு வந்தது. இன்றும் வருகின்றது.

ஆயினும் எதிர்பார்த்த அளவு எண்ணெய் வெளிவரவில்லை. வயலில் முதலிருந்த எண்ணெயில் மேலும் பத்து முதல் இருபது விழுக்காடு வரை கிடைப்பதே நல்ல பேறென்று கருதப்படுகின்றது. கலந்து கரைக்க வல்ல பொருள் ஏன் முழுவதையும் கரைத்துக் கொணரவில்லை? குற்றம் அதன் கரைக்குந் திறனில் இல்லை. அதன் ஓட்டத்தில் இருக்கின்றது.

ஒரு பாய்பொருள் ஓடும்போது தன்னுள்ளேயே காட்டுந் தடையைப் பிசுக்குமை என்பர். தேனுக்கு அது மிகுதி, நீருக்குக் குறைவு. அறை வெப்பநிலையில் நீரின் பிசுக்குமை ஏறத்தாழ 1 சென்ரிபோய்சு. வயலின் ஆழத்திலுள்ள இலேசான எண்ணெயின் பிசுக்குமை அதனை ஒத்தோ அதனிலும் சிலமடங்கு மிகுந்தோ இருக்கும். காபனீரொட்சைட்டினதோ 0.1 சென்ரிபோய்சுக்கும் குறைவு, பெரும்பாலும் 0.05 ஐ அண்டியே நிற்கும். அடர்த்தியில் திரவம்போல இருக்கும் பொருள் ஓட்டத்தில் வாயுவாகவே இருக்கின்றது என்பதை மனத்திற் கொள்க. இதன் பின்னர் நாம் கூறப்போகும் இடர் அனைத்திற்கும் மூலம் இதுவே.

தோட்டத்திற்கு நீர் கட்டியவர்கள் இதனை எளிதில் உணர்வர். வாய்க்கால் வரம்பில் எலி துளைத்த சிறுவழி ஒன்று இருந்தால் நீர் அவ்வழியே பாயும். பாயப் பாய வழி அகலும். அகல அகல மேலும் பாயும். கடைசிப் பாத்தியிலுள்ள மிளகாய்க்கன்று வாடி நிற்கும். பாறையில் வழி அகல்வதில்லை. ஆயினும் விளைவு அதுவே. தடித்த எண்ணெயை இளகிய காபனீரொட்சைட்டு தள்ளிச் செல்லும்போது, எல்லையில் ஏதேனும் ஓரிடத்தில் அது சிறிது முந்திவிடுமாயின், அவ்வழியில் தடித்த பொருள் குறைந்து தடையும் குறைகின்றது. தடை குறைந்த வழியில் அது இன்னும் விரைந்து முந்துகின்றது. இவ்வாறு விரல்கள் நீண்டாற்போலப் பல கிளைகள் எண்ணெயினூடே ஓடி, மறுபுறத்துக் கிணற்றை அடைந்துவிடுகின்றன. அதன்பின் செலுத்தும் வாயுவிற் பெரும்பகுதி அவ்விரல்வழியே சென்று வீணே வெளியேறும். விரல்களுக்கு இடையே கிடக்கும் எண்ணெய் தீண்டப்படாமலே கிடக்கும்.

இவ்விரற்பாய்ச்சலைப் பற்றிய முதல் ஆராய்ச்சிகளுள் ஒன்று எண்ணெய் வயலிலன்றிச் சீனி சுத்திகரிப்பிலே தோன்றியது என்பது சுவையான செய்தி. கரிநிரப்பிய நெடிய பாத்திரங்களிலுள்ள சீனிப்பாகை நீரால் வெளியேற்றும்போது, நீர் பாகைத் துளைத்துக்கொண்டு இடையே ஓடுவதை ஹில் என்பவர் 1952 இல் ஆராய்ந்து எழுதினார். 1958 இல் இங்கிலாந்தின் சாவ்மன், ரெயிலர் என்னும் இருவர் அதற்குத் தெளிவான கணித விளக்கம் அளித்தனர்.

நோய்க்குக் காரணம் தெரிந்தபின் மருந்து தேடுதல் முறை. முதன்மருந்து நீர். காபனீரொட்சைட்டைச் சிறிது, நீரைச் சிறிது என மாறிமாறிச் செலுத்தினால், நீர் வாயுவின் வழிகளை ஓரளவு அடைத்து அதன் விரைவைத் தடுக்கும். இது மலிவான முறை. இன்றுவரை வழக்கிலுள்ளதும் இதுவே. ஆனால் நீர் எண்ணெயை மூடிக்கொண்டு வாயுவை அதனிடம் அணுகவிடாமலுஞ் செய்யும். மற்றொன்று, சவர்க்காரம் போன்ற பொருள்களை நீரிற் கலந்து, பாறையினுள்ளேயே நுரை எழச் செய்தல். இதுவும் பயன் தந்ததுண்டு. ஆயினும் எண்ணெயைத் தொட்டவுடன் நுரை அடங்கிவிடுதல் வழக்கம். மூன்றாவது மருந்து நேரானது: காபனீரொட்சைட்டையே தடிப்பாக்கி, அதன் பிசுக்குமையை எண்ணெயின் பிசுக்குமையோடு ஒப்பச் செய்துவிட்டால் விரல்கள் தோன்ற இடமேது?

கேட்பதற்கு இது மிக எளிதாகத் தோன்றும். நம் வீடுகளிலே கூழ் காய்ச்சும்போது நடப்பதும் இதுதானே! கொதிக்கும் நீரில் ஒடியல் மாவைக் கரைத்துவிட்டதும், நீர்போல ஓடியது தடித்துக் கூழாகின்றது. மாவின் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கான சிறு அலகுகள் தொடுத்த நெடுஞ்சங்கிலிகள். இத்தகைய சங்கிலிகளைப் பல்பகுதியங்கள் என்பர். அவை நீரில் விரிந்து, ஒன்றோடொன்று பின்னி, நீரின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. சரியான பல்பகுதியத்தைத் தெரிந்தெடுத்தால், நூற்றில் ஒரு பங்கிலும் குறைந்த அளவு கூட நீரைப் பல மடங்கு தடிக்கச் செய்யும். அவ்வாறே காபனீரொட்சைட்டிலும் ஒரு ‘மா’வைக் கரைத்துவிடலாமே என்பது முதல் எண்ணம்.

மா நீரிற் கரைந்து தடிக்கும். மண்ணெண்ணெயில் இட்டால் அடியிற் படிந்து கிடக்கும். காபனீரொட்சைட்டு இவ்விடயத்தில் மண்ணெண்ணெயினும் கொடிது. அதன் மூலக்கூறு நடுவே காபனும் இருபுறமும் ஒட்சிசனும் நேர்கோட்டில் அமைந்தது. அருகிலுள்ள மூலக்கூறுகளை வலுவாகக் கவரும் ஆற்றல் அதற்கில்லை. நெடுஞ்சங்கிலியொன்றைக் கரைக்க வேண்டுமாயின், கரைப்பான் அச்சங்கிலியின் ஒவ்வோர் அலகையும் பற்றி அதன் அண்டை அலகிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். கைவலியற்ற காபனீரொட்சைட்டினால் அது இயலாது. சங்கிலிகள் தம்முள் தாமே ஒட்டித் திரண்டு கீழே விழுந்துவிடும். நியூ மெக்சிக்கோவிலே ஹெல்லர் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 1980களில் சந்தையிற் கிடைத்த பல்பகுதியங்கள் பலவற்றைச் சோதித்தனர். பெரும்பாலானவை கரையவேயில்லை. சிறிது கரைந்தவையோ தடிப்பாக்கவில்லை.

இச்சோதனை செய்யும் முறையும் அறியத்தக்கது. தடித்த கண்ணாடிச் சாளரம் பொருத்திய உருக்குக் கலமொன்றில் பொருளையிட்டு, காபனீரொட்சைட்டைப் பலநூறு வளிமண்டல அமுக்கத்தில் ஏற்றி, கலக்கி, சாளரத்தினூடே பார்ப்பர். கலங்கலின்றித் தெளிந்தால் கரைந்ததென்று கொள்வர். பின்னர் குழாயொன்றினுள்ளே ஒரு குண்டை விழவிட்டு, அது அடியை அடைய எடுக்கும் நேரத்தை அளப்பர். குண்டு மெல்ல விழுந்தால் பாய்பொருள் தடித்துள்ளது. ஆண்டுக்கணக்கில் ஆய்வாளர் சாளரத்தினூடே கண்டது, ஒன்றில் கரையாத பொடியும் அல்லது தடையின்றி விழுங் குண்டுமே.

வேறு வழியொன்றும் முயன்றனர். நெடுஞ்சங்கிலி கரையாதெனின், சிறிய மூலக்கூறுகளைக் கரைத்து, கரைந்தபின் அவை தாமாகவே கைகோத்துச் சங்கிலியாகும்படி செய்யலாமன்றோ? வெள்ளீயமும் புளோரீனும் அடங்கிய சேர்வையொன்று இவ்வாறு இயங்குவது முன்னரே தெரியும். ஒரு மூலக்கூற்றின் புளோரீன் அடுத்ததன் வெள்ளீயத்தைப் பற்ற, அது அதற்கடுத்ததைப் பற்ற, நீண்டதொரு தொடர் உருவாகும். புரொப்பேன், பியூற்றேன் ஆகியவற்றில் இதனைச் சிறிது கரைத்தால் அவை வியக்கத்தக்கவாறு தடித்துவிடும். காபனீரொட்சைட்டிலோ இது கரையாது. கரையச் செய்வதற்காக அதன் பக்கக்கிளைகளிற் புளோரீனை ஏற்றினர். கரைந்தது, ஆனால் கைகோக்கும் ஆற்றல் தளர்ந்து, தடிப்பு இரண்டு மூன்று மடங்களவில் நின்றுவிட்டது.

இச்சிறு நிகழ்ச்சியில் முழுச் சிக்கலும் அடங்கியுள்ளது. தடிப்பாக்கும் பொருள் காபனீரொட்சைட்டை விரும்ப வேண்டும், இன்றேல் கரையாது. தன்னினத்தையும் விரும்ப வேண்டும், இன்றேல் தடிக்காது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகின்றது. கரைவது தடிப்பதில்லை, தடிப்பது கரைவதில்லை. இவ்விரண்டு விருப்பங்களையும் ஒரே மூலக்கூற்றில் அளவறிந்து அமைப்பதே இத்துறையின் கலை. இதனை நாம் கலை என்பது வேண்டுமென்றேதான். கணக்குமட்டும் போட்டு இதனை வென்றவர் இன்னும் இலர்.

காபனீரொட்சைட்டை விரும்பும் சங்கிலிகள் எவை? தம் அலகுகளுக்கிடையே கவர்ச்சி குறைந்த, நன்கு வளையும் சங்கிலிகள். அத்தகையன இருவகை. ஒன்று சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறித் தொடுத்த சிலிக்கோன். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க எண்ணெய்க் கம்பனியொன்றின் ஆய்வாளர், நூற்றுக்கு 4 பங்கு சிலிக்கோனும் 20 பங்கு தொலுயீனும் 76 பங்கு காபனீரொட்சைட்டும் சேர்ந்த கலவை 1.2 சென்ரிபோய்சு பிசுக்குமை பெற்றதைக் காட்டினர். தனிக் காபனீரொட்சைட்டினும் இது ஏறத்தாழ முப்பது மடங்கு. வெற்றியென்றே சொல்லலாம், அந்தத் தொலுயீன் இல்லாதிருந்தால். ஐந்திலொரு பங்கு தொலுயீனை நிலத்தினுள் ஊற்றி எண்ணெய் எடுப்பது, நெய்யை விற்று மோர் வாங்குவதை ஒக்கும்.

மற்றையது புளோரீன் ஏற்றிய சங்கிலி. 1992 இல் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்து டிசிமோனும் அவர் குழுவினரும், புளோரீன் செறிந்த அக்கிரிலேற்றுப் பல்பகுதியம் காபனீரொட்சைட்டில் நன்கு கரையும் என்பதைக் காட்டினர். கரையும் சங்கிலி இவ்வாறு கிடைத்தது. தன்னினத்தைப் பற்றும் கை இன்னும் வேண்டும். பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்து எனிக், பெக்மன் ஆகியோரின் குழு அதனை இணைத்தது. அவர்கள் புளோரீன் அக்கிரிலேற்றுச் சங்கிலியில் இடையிடையே ஸ்ரைரீன் அலகுகளைக் கோத்தனர். ஸ்ரைரீனில் தட்டையான பென்சீன் வளையம் உண்டு. ஒரு சங்கிலியின் வளையம் மற்றொரு சங்கிலியின் வளையத்தோடு தட்டடுக்கினாற்போலப் பொருந்தி ஒட்டும். ஸ்ரைரீன் குறைந்தால் ஒட்டுக்கள் போதா. மிகுந்தால் சங்கிலி கரையாது. நூறு அலகுகளில் 29 ஸ்ரைரீன், 71 புளோரீன் அக்கிரிலேற்று என்னும் விகிதமே சிறந்ததென அவர்கள் கண்டு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்த்த காபனீரொட்சைட்டை மணற்கல்லினூடே செலுத்தியபோது, பிசுக்குமை பத்து மடங்கிற்கு மேல் உயர்ந்தது. தொலுயீன் போன்ற துணைக் கரைப்பான் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ முப்பதாண்டுத் தேட்டத்தில் முதன்முறையாகக் குண்டு மெல்ல விழுந்தது.

எவ்வளவு தடிப்பு வேண்டும் என்பதிலும் அளவு உண்டு. எண்ணெயின் பிசுக்குமைக்கு ஒப்பாகத் தடித்தாற் போதும். அதனினும் மிகுந்தால் கிணற்றினுள்ளே அதனைச் செலுத்துவதே அரிதாகும். பிளாவில் ஊற்றிய கூழ் களியாகிவிட்டால் குடிப்பதெங்ஙனம்?

இனி இவ்வெற்றியின் மறுபக்கத்தைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. புளோரீன் அக்கிரிலேற்று விலை மிக உயர்ந்தது. ஒரு வயலுக்குச் செலுத்துங் காபனீரொட்சைட்டு இலட்சக்கணக்கான தொன். அதில் நூற்றுக்கொரு பங்கென்றாலும் ஆயிரக்கணக்கான தொன் மருந்து வேண்டும். விலையாவது காலப்போக்கிற் குறையலாம். குறையாத இடர் ஒன்றுண்டு. காபனுக்கும் புளோரீனுக்கும் இடையேயுள்ள பிணைப்பு மிக வலிது. மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிர்களால் அதனை எளிதிற் பிரிக்க இயலாது. புளோரீன் ஏற்றிய நீண்ட பக்கக்கிளைகள் சிதைந்தால், பெபுளோரோ ஒக்ரனோயிக் அமிலம் போன்ற பொருள்கள் எஞ்சும். அவை நீரிற் கலந்து, மனிதர் உடலிற் புகுந்து, ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அவ்வமிலத்தை 2019 ஆம் ஆண்டிலே ஸ்ரொக்கோம் உடன்படிக்கையின்கீழ் ஒழிக்கவேண்டிய நச்சுப்பொருள்களுள் ஒன்றாகச் சேர்த்தனர். நிலத்தடியிலே செலுத்தியது நிலத்தடியிலேயே நிற்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. எண்ணெயோடும் நீரோடும் ஒரு பகுதி மேலே வந்தே தீரும். ஆறில்லாத நாட்டிலே, சுண்ணாம்புக்கல்லில் ஊறிய கிணற்று நீரையே குடித்து வளர்ந்த நமக்கு, பாறையினுட் செலுத்தும் பொருளைப்பற்றி ஐயுறவு தோன்றுவதில் வியப்பில்லை. வேறெந்த விலையைக் காட்டிலும் இவ்விலையே கூடியது என்பது நம் கருத்து.

ஆதலின் இரசாயன அறிஞர் புளோரீன் இன்றியே அக்கூழைக் காய்ச்சும் வழியைத் தேடுகின்றனர். 2000 ஆம் ஆண்டில், காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகிய மூன்று மூலகங்களால் மட்டுமே ஆன ஈதர் காபனேற்றுச் சங்கிலியொன்று காபனீரொட்சைட்டில் நன்கு கரைவதைப் பெக்மன் குழுவினர் அறிவித்தனர். 2002 இல் இரவீந்திரன், வாலன் என்போர், அசற்றேற்றுக் கூட்டங்களை ஏற்றிய சீனி மூலக்கூறுகள் அதிற் பெருமளவு கரைவதைக் கண்டனர். அசற்றேற்றிலுள்ள ஒட்சிசன் காபனீரொட்சைட்டின் காபனை மெல்லப் பற்றுவதே காரணம். நாம் தேநீரிலிடும் சீனியின் உறவினம் இப்பணிக்கு உதவுமென எவர் நினைத்திருப்பார்? ஆனால் சீனி அசற்றேற்றுச் சிறிய மூலக்கூறு, கரையும், தடிக்காது. அசற்றேற்றுத் தாங்கிய நெடுஞ்சங்கிலியான பொலிவைனைல் அசற்றேற்று, இவ்வகையில் மிகச் சிறந்த கரைவுடையதாயினும், வயல்களில் உள்ளதைக் காட்டிலும் மிக உயர்ந்த அமுக்கத்தை வேண்டுகின்றது. அண்மைக் காலத்தில் சில குழுவினர், டெசீன் என்னும் ஐதரோகாபனின் சில அலகுகளை மட்டுமே கோத்த குறுஞ்சங்கிலிகளால் பிசுக்குமையைச் சில மடங்கு உயர்த்தியுள்ளதாக எழுதியுள்ளனர். புளோரீன் வழியிற் கண்ட உயர்வு இவற்றுக்கு எளிதில் எட்டவில்லை.

எண்ணெயை இன்னும் தோண்டி எடுப்பதற்கு இத்தனை முயற்சி வேண்டுமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். அவ்வினா நம் மனத்திலும் எழுந்ததே. ஒரு பீப்பாய் எண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ 430 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வானிற் சேர்கின்றது. ரெக்சாசில் நடப்பதோ இன்னும் விந்தை: கொலராடோவின் நிலத்தடியில் அமைதியாகக் கிடந்த வாயுவைக் கிளப்பி, நூற்றுக்கணக்கான மைல் கொணர்ந்து, மீண்டும் நிலத்தடியில் இடுகின்றனர், அதே வேளையில் மின்நிலையங்களின் புகைபோக்கிகள் அதே வாயுவை இலவசமாக வானத்திற்கு வழங்குகின்றன. எல்லாவிடத்தும் அவ்வாறன்று. கனடாவின் வேபேண் வயலில் 2000 ஆம் ஆண்டு முதல் செலுத்தப்பட்ட வாயு, எல்லைக்கப்பால் வட டக்கோட்டாவில் நிலக்கரியிலிருந்து வாயு தயாரிக்கும் ஆலையின் கழிவாகும். தடித்த காபனீரொட்சைட்டு விரலாக ஓடாது பாறையின் நுண்டுளைகளைப் பரந்து நிரப்புமாதலால், எண்ணெயை மிகுதியாக வெளியேற்றுவதோடு தானும் மிகுதியாக உள்ளே தங்கும். எண்ணெய் வேண்டாத காலம் வந்தாலும் வாயுவைப் புதைக்கவேண்டிய தேவை நீங்காது. அன்றும் இத்தடிப்பாக்கி பயன்படலாம். இவ்விருவகைக் கணக்கில் எது விஞ்சும் என்பது, எவ்வாயுவைப் புதைக்கின்றோம், எதனைக் கொண்டு தடிக்கின்றோம் என்பவற்றைப் பொறுத்தது.

நாற்பதாண்டு முயற்சிகளையும் தொகுத்து 2012 இல் எனிக்கும் மற்றொருவரும் எழுதிய மீளாய்வு, வயலுக்கு ஏற்ற மலிவான தடிப்பாக்கி அதுவரை கிட்டவில்லை என்றே கூறிற்று. அதன்பின்னும் பிற்ஸ்பேர்க்கிலும் பிறவிடங்களிலும் சாளரம் பொருத்திய கலங்களினுள்ளே குண்டுகள் விழுந்துகொண்டேயிருக்கின்றன. மேற்கு ரெக்சாசின் வயல்களிலோ நீரையும் வாயுவையும் மாறிமாறியே செலுத்தி வருகின்றனர்.